உஷார்! அசையாத முள்ளை நம்பாதீர்கள்

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? அதை பெங்களூரில் ஓட்டுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். சாவியை அப்புறம் எடுக்கலாம்.

ஹீட் முள், பெட்ரோல் முள், ஸ்பீடு முள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி இருக்கிறதா? "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், கண்டுக்காம ஓட்டுங்க" என்று யாராவது சொன்னார்களா? நீங்களும் சரியென்று தலையாட்டினீர்களா?

தலையாட்டாதீர்கள். தயவுசெய்து.

சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பயமுறுத்துகிற முள்ளால் பெரிய கெடுதல் கிடையாது. அதைப் பார்த்தால் யாரும் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். எதுவுமே நடக்காதது போல ஒரே இடத்தில் சாதுவாக நிற்கிறது பாருங்கள், அந்த முள்தான் குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தும்.

கோரமங்களாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். இரண்டு கை மாறி வந்த சின்ன கார், பதினைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை லீவு. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் ஆயிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாரா? இல்லை. மனைவி, நாலு வயதுப் பிள்ளை, அம்மா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்பிவிட்டார்.

லீவுக்கு முந்தைய சாயங்காலம் சில்க் போர்டு எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ந்து ஊர்ந்து வண்டி போகிறது. ஏசி ஓடுகிறது. எப்போதும் கால்வாசியில் நிற்கும் ஹீட் முள், அன்று மெல்ல ஏறிப் பாதியைத் தொட்டது. தம்பி கவனித்தார். கவலையும் பட்டார். ஆனால் எலிவேட்டட் ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் முள் இறங்க ஆரம்பித்தது. பாதியிலிருந்து கால்வாசி. கால்வாசியிலிருந்து அடிமட்டம்.

"காத்து பட்டுது, ஆறிடுச்சு" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஆறவில்லை. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது!

"ஏங்க, ஏதோ வெல்லப் பாகு காய்ச்சுற மாதிரி வாசனை வருதே" என்றார் மனைவி. முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்றார் இவர். "எதுக்கும் கொஞ்சம் நிறுத்திப் பாருப்பா" என்று அம்மா சொன்னதும் காதில் ஏறவில்லை. முள்தான் 'குளிர்ச்சி' என்கிறதே! சற்று நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. இன்ஜினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

நின்ற இடம் எது தெரியுமா? எலக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் ரோடு. 2010-ல் திறந்த, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளப் பாலம். மேலே ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் ஓரம் கட்ட முடியாது. இருட்டு வேறு. பின்னால் பஸ்கள் சீறிக்கொண்டு வருகின்றன. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பாலத்துச் சுவரை ஒட்டி நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினுக்கு ஆனது. ஹெட் கேஸ்கட் போயிற்று, ஹெட் வளைந்துவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் பில்.

திறந்து பார்த்த மெக்கானிக் காட்டியது இதுதான். ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்புப் பக்கம் வெடித்திருந்தது. அந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் தெர்மோஸ்டாட் வால்வை எப்போதோ கழற்றி எறிந்திருந்தார். அதனால்தான் முள் எப்போதும் கால்வாசியிலேயே கிடந்தது. வாங்கியவர் அதையே 'நார்மல்' என்று நம்பிவிட்டார்.

தண்ணீர் இல்லாமல் இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் ஏன் இறங்க வேண்டும்? இன்ஜினில் ஒரு சின்ன பித்தளை சென்சார் திருகியிருக்கும். அதன் நுனி கூலன்ட்டில் முங்கியே இருக்க வேண்டும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் ஏறும். கூலன்ட் வற்றிவிட்டால் நுனி வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கிறது. சுற்றியிருக்கும் இரும்பும் அலுமினியமும் கொதிக்கும் சூடு அதற்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. முள் இறங்கும்.

ஓடுகிற வண்டியில் ஹீட் முள் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் அது நல்ல சேதி இல்லை! அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

"நம்ம பெங்களூர் குளுகுளு ஊராச்சே, இங்க எங்க இன்ஜின் சூடாகும்?" என்று பலர் நினைக்கிறார்கள். ஐயோ, இந்த நினைப்புதான் முதல் எமன். இன்ஜினுக்கு வேண்டியது ரேடியேட்டரில் மோதும் காற்று. நெரிசலில் நின்றால் அது ஏது? 2022-ல் டாம்டாம் நிறுவனம் உலக நகரங்களை அளந்து பார்த்தபோது, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 வினாடி ஆயிற்று. லண்டனுக்கு அடுத்து உலகிலேயே மோசமான இடம் அந்த வருஷம் நமக்குத்தான். அவ்வளவு நேரமும் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றுவது ஒரே ஒரு எலக்ட்ரிக் ஃபேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 97-லேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 115 டிகிரியையும் தாண்டிப் போகும், பயமில்லை. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால்? பல கார்களில் இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரியை ஒட்டித்தான். நடுவில் இடைவெளியே கிடையாது. அதிலும் கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறீர்களென்றால் உப்புப் படிந்து ரேடியேட்டரும் அடைத்துக்கொள்ளும். ஒரு மூடியின் விலை என்ன பெரிய விலை? மாற்றித் தொலையுங்களேன்!

சரி. எதையெல்லாம் பார்த்தால் உஷாராக வேண்டும்?

ஹீட் முள் மேலே ஏறவே இல்லையா? நல்ல வண்டியில் கொஞ்ச தூரம் ஓடியதும் முள் ஏறி நடுவாக்கில் போய் நிற்கும். எப்போது பார்த்தாலும் கீழேயே கிடந்தால், ஒன்று வால்வைக் கழற்றியிருக்கிறார்கள், இல்லை சென்சார் வயர் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவதாக ஒரு வில்லங்கமும் உண்டு. சென்சாரை மாற்றும்போது மரை பொருந்தினால் போதும் என்று வேறு மாடலுடையதைத் திருகிவிடுவார்கள். அதன் மின்தடைக் கணக்கு வேறு. உங்கள் மீட்டர் வேறொரு காரின் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கும்! ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். ஒழுகக் கூடாதென்று அதன் மேல் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் கெட்டு, முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

ஓரளவு பிந்தி வந்த கார்களில் இன்னொரு சூது. முள் ஆடினால் வாடிக்கையாளர் பயப்படுவார் என்று, சாதாரணச் சூடு முழுவதற்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது நடுவை விட்டு நகர்ந்தால், காரியம் கைமீறப் போகிறது என்று அர்த்தம்.

இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் துடிக்கிறதா? ஹெட்லைட் போட்டால் எல்லா முள்ளும் லேசாக நகர்கிறதா? எர்த் கோளாறு. பல முட்கள் ஒரே நாளில் உளற ஆரம்பித்தால் எல்லா சென்சாரும் ஒன்றாகச் சேர்ந்து செத்துவிட்டன என்று நினைத்து ஒவ்வொன்றாக வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: ஃப்யூஸ், மீட்டர் பின்னால் சொருகும் கனெக்டர், எர்த் வயர். அந்தக் காலத்துக் கார்களென்றால் மீட்டருக்கு மட்டும் வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றும் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது, முள்ளும் உளறுகிறது என்றால் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்தில் துரு ஏறினால் மின்தடை கூடும். கூடின மின்தடையை ஹீட் முள் எப்படிப் படிக்கும்? 'குளிர்ச்சி' என்று. பார்த்தீர்களா, மறுபடியும் அதே பொய்.

பெட்ரோல் முள்ளை நான் லேசில் விடமாட்டேன். டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட், அதன் கை தேய்த்துக்கொண்டு நகரும் ஒரு சின்னத் தடம், அவ்வளவுதான் அந்த 'டேங்க் யூனிட்'. வருஷக்கணக்கில் தேய்ந்து தடத்தில் பள்ளம் விழும். பாதி டேங்க் என்று நாள்கணக்கில் காட்டும், திடீரென்று கீழே விழும். ஃப்ளோட் ஓட்டையாகி முங்கினால் எப்போதும் காலி என்று காட்டும், தொல்லைதானே தவிர ஆபத்தில்லை. மேலேயே சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. டேங்க் வறண்டிருக்கும், முள் நிறைந்திருக்கிறது என்று சொல்லும்.

"தீர்ந்தா என்ன, பாட்டில்ல வாங்கி ஊத்திக்கலாம்" என்று சிரிக்காதீர்கள். நீங்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தால்? இன்ஜின் நின்ற மறுகணம் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுப்பு ஓரிரு மிதிக்குத்தான் வரும். அப்புறம் ஏறி நின்று மிதித்தாலும் வண்டி பழையபடி நிற்காது. முன்னாலும் பின்னாலும் பாரம் ஏற்றிய லாரிகள். தர்மபுரி, சேலம் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த இறக்கத்தில் என்னென்ன நடந்திருக்கிறதென்று கதை கதையாகச் சொல்வார்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் சாவியை அணைக்கும் மகானுபாவர்களுக்கும் இதே கதிதான். அவர்களுக்கு ஸ்டீயரிங் லாக்கும் விழலாம்!

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதற்குக் குளிர்ச்சி தருவதே பெட்ரோல்தான். அடிமட்டத்தில் வைத்தே ஓட்டினால் பம்பும் கருகும். முள் சந்தேகமாக இருக்கும் வரை கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

ஸ்பீடு முள் ஆடுகிறதா? கீச்கீச்சென்று சத்தமா? பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்று வரும். கிரீஸ் வறண்டால் முள் நடுங்கும், பிறகு ஒருநாள் அறுந்து பூஜ்யத்தில் படுத்துவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. தெரியாத கோளாறு டயரில் இருக்கிறது. 'லுக்' வேண்டுமென்று பெரிய டயர் போட்டிருக்கிறீர்களா? ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதிகளில் உள்ள ஏற்பாடு. டயரின் விட்டம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடினால் வேகமும் அதே அளவு கூடும், முள்ளுக்கோ அது தெரியவே தெரியாது. மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் எல்லை 100. உங்கள் முள்ளும் 100-க்குள்தான் நிற்கிறது. கேமராவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அபராதம் போனால் போகிறது, மழையில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் கூடுதல் வேகம் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

முட்களைவிட மோசம், எரியாத விளக்கு.

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்புப் படம் எரிகிறதா? அது ஆயில் பிரஷர் விளக்கு. பாட்டரி விளக்கு? செக் இன்ஜின் விளக்கு இருக்கிற வண்டியென்றால் அதுவும் எரிகிறதா? ஸ்டார்ட் ஆனதும் அணைகின்றனவா? சாவி ஆன் செய்தும் ஒரு விளக்கு எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது விற்றவர் பிடுங்கியிருக்கலாம். ஆமாம், பிடுங்குவார்கள்! இன்னும் கெட்டிக்காரர்கள் ஆயில் விளக்கை பாட்டரி விளக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒன்றாகவே எரிந்து, ஒன்றாகவே அணையும். ஆயில் பிரஷர் நிஜமாகவே விழும் நாளில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது. பிரஷர் இல்லாமல் இன்ஜின் ஓரிரு நிமிடம் ஓடினாலே பேரிங் போய்விடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களே, உங்களுக்குத் தனியாக. 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு, பெல்லந்தூர் பக்கமெல்லாம் அடித்தளப் பார்க்கிங்கில் கார்கள் முங்கிக் கிடந்ததை டிவியில் பார்த்தீர்கள் அல்லவா? அப்படி நனைந்த கார்கள் துடைத்து, பாலிஷ் போட்டு, வாசனை தெளித்து விற்பனைக்கு வரும். வாங்கும்போது எல்லா முள்ளும் சரியாகவே வேலை செய்யும். மாதங்கள் கழித்துக் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறியதும்தான் ஒவ்வொன்றாக உளற ஆரம்பிக்கும். மீட்டர் கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருக்கிறதா, சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருவேறியிருக்கிறதா, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல் மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். விலை குறைவு என்று மனம் இழுக்கும். இழுக்கட்டும்.

மாருதி 800 உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாசடர் அதே வருஷம் மே மாதம். ஆக, நம் தெருவில் ஓடும் அவற்றில் கடைக்குட்டிக்கும் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதே வயதுதான் என்று மனதில் வையுங்கள்.

இந்த வாரமே செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. காலியான நேரான ரோட்டில், பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது! ஓடோமீட்டர் சரியா என்று தெரிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் இருக்கவே இருக்கின்றன. பெட்ரோலுக்கு முழு டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மறுபடி முழுக்க அடிக்கும்போது கணக்குப் பாருங்கள். உங்கள் கார் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததென்றால் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சொருகும் சின்னக் கருவி, இன்ஜின் கம்ப்யூட்டர் அறிந்த சூட்டை டிகிரி கணக்கில் போனில் காட்டும். முள் சொல்வதும் அது சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். பாட்டரிக்கு எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிவையுங்கள். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கம் காட்டினால் சார்ஜிங்கில் கோளாறில்லை.

உதிரிபாகத்துக்கு ஜே.சி. ரோடு போகிறீர்களென்றால் பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோங்கள். பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். டேங்க் யூனிட்டை வீட்டு வாசலில் நீங்களே கழற்றும் வீரம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

வழியில் சூடேறிவிட்டால்? ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை முழு வேகத்திலும் வையுங்கள். வெந்து போவீர்கள், பரவாயில்லை, இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். முதலில் கிடைக்கும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்! அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

பாலத்தின் மேல் நின்றுவிட்டால் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். போக்குவரத்து ஓடாத இடப்பக்கக் கதவு வழியாகக் குழந்தைகளை முதலில் இறக்குங்கள். யாரும் காரை ஒட்டி நிற்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழையுங்கள், மற்ற இடத்தில் 112. இரண்டு எண்ணையும் இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள், வீட்டில் உள்ள எல்லோர் போனிலும்.